கம்ப்யூட்டருக்கு ஈரம் எடுத்த கதை

இருபத்திரண்டு வயதுவரை 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கரண்ட் பில், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் தெருவே என்னிடம் நீட்டும். நானும் புரிந்ததோ இல்லையோ, அழுத்தமாக ஒரு பதில் சொல்லிவிடுவேன். (மூட்டுவலித் தைலத்தைக் குடிக்கச் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.)

அந்தத் தைரியத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் கம்ப்யூட்டர் ஆளாகச் சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனைக்காலம். அது முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மழைக் காலையில், வாசலில் கன்டெய்னர் லாரி வந்து நின்றது. எந்தப் பெட்டியில் எந்த அளவு ஷூ என்ற பட்டியலை நான் அச்செடுத்துக் கொடுத்தால் லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும். கிளம்பினால் எனக்கு வேலை நிரந்தரம்.

பட்டியல் திரையில்தான் இருந்தது. அசையத்தான் இல்லை.

நான் பதறவில்லை. மாட்டிக்கொண்ட வேலையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டு. அதை அழைத்தேன். அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கன்ட்ரோல் பேனல் திறக்கவே இல்லை. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை ஒரு கணம் எட்டிப் பார்த்து, என் முகம் பிடிக்காமல் மறைந்துபோனது. அணைத்துப் போட்டேன். இப்போது பட்டியலும் திறக்கவில்லை.

"இன்னா தம்பி, ஆச்சா?" மேனேஜர் இக்பால் பாய் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"சின்ன பிராப்ளம் பாய்."

"அதான், இன்னா பிராப்ளம்?"

ஜன்னலில் மழை தெரிந்தது. "ஈரம் பாய்," என்றேன். "உள்ள ஈரம் எறங்கிடுச்சி. அதான் எந்த டூலும் வெளிய வர மாட்டேங்குது."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். தோல் ஊரில் ஈரம் என்றால் பூஞ்சை. பூஞ்சை என்றால் கப்பலேறிப் போய்த் திரும்பி வரும் சரக்கு. பாயின் முகம் வெளுத்தது. "மொதல்லயே சொல்றதில்ல? ஸ்டெல்லாம்மா! சிலிக்கா ஜெல் எடுத்துனு வாம்மா, ஜல்தி!"

பேக்கிங் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா, ஷூ பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போடும் குட்டிக் காகிதப் பொட்டலங்களை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தார்.

"ஒரு ஜோடிக்கு ஒண்ணு போடுவோம். இதுக்கு எத்தினி?"

"முப்பது போதும்க்கா." ஆபரேஷன் செய்யும் டாக்டர் குரலில் சொன்னேன்.

மூடியைக் கழற்றி, இண்டு இடுக்கெல்லாம் திணித்து, சுவிட்சைப் போட்டேன். உள்ளேயிருந்த விசிறி முதல் பொட்டலத்தைக் கவ்விக் கிழித்தது. பிறகு அடுத்தது. அறை முழுக்க ஜவ்வரிசி மழை. பாயின் தாடியில், சட்டைப் பையில், டீ டம்ளரில் எல்லாம் மணிகள். 'டப்' என்று ஒரு சத்தம். கருகல் வாசனை. வெளியே லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

"ஈரம் போச்சா தம்பி?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

பிறகு அவரே மூலையில் கிடந்த டைப்ரைட்டரை இழுத்துப் போட்டு, தன் பேக்கிங் நோட்டைப் பார்த்து அரை மணியில் பட்டியலை அடித்து முடித்தார். லாரி போய்விட்டது. நான்தான் எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் வேலூரிலிருந்து வந்த சர்வீஸ்காரர் ஹார்ட் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். "வைரஸ் பாய். தன்னைக் கண்டுபுடிச்சிடக் கூடாதுன்னு மொத வேலையா இந்த டூல்ஸ் எல்லாத்தையும் பூட்டிடும். யாராச்சும் வெளி பென்டிரைவ் போட்டீங்களா?"

எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். வாணியம்பாடி பிரவுசிங் சென்டர்கள் எல்லாவற்றிலும் நுழைந்து வந்த என் பென்டிரைவ், அங்கே தாயத்து மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

பாய் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. "பொட்டலம் போடறதுல உனுக்கு அவ்ளோ ஆசைன்னா, போய்ப் போடு," என்று சோதனைக்காலத்தை மூன்று மாதம் நீட்டி, பேக்கிங் மேஜைக்கு அனுப்பினார். எதிரே ஷூ மூக்கில் காகிதம் திணித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "முப்பது போட்டது நீங்கதானா?"

அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். அது இன்னொரு வகையில் தப்பாகப் போயிற்று. கதை வீட்டுக்குள்ளேயே குடி வந்துவிட்டது. இன்றும் மிக்ஸி ஓடாமல் நான் ஸ்குரூ டிரைவரைத் தேடினால், அவள் உள்ளேயிருந்து பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்கிறாள்:

"டீ டம்ளரை மூடிக்கோங்கடா, அப்பா ரிப்பேர் பாக்கப் போறாரு!"