சடையாயி முயல் ரொக்கம் கொண்டுவந்த கதை

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது என்று தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் காட்டில் இருந்தது கூட்டுறவுக் கடன் சங்கம். கடன் வசூலில் சுற்றுவட்டாரத்திலேயே முதலிடம். அதன் செயலாளர் ஏகாம்பரம் என்கிற உடும்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வருடத் தணிக்கை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம். இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு பழையபடி புற்றுதான்.

வசூல் நடக்கும் விதமே அலாதி. பங்குனி பிறந்ததும் உறுப்பினர்கள் வரிசையாக வந்து கால்ரேகை வைப்பார்கள். பழைய கடன் அடைந்துவிடும். அதே நிமிடம் வட்டியையும் சேர்த்துப் புதுக் கடன் பிறந்துவிடும். பணம் பெட்டிக்குள் வராது, பெட்டியை விட்டுப் போகவும் போகாது. எல்லோருக்கும் பரம திருப்தி.

அந்த வரிசையில்தான் சடையாயி முயல் சுருக்குப்பையோடு வந்து நின்றாள்.

"கடலை வித்த காசுங்கய்யா. அசலும் வட்டியும் இருக்கு. எண்ணிக்கிட்டு, நான் குடியிருக்கிற வளையோட பத்திரத்தைக் குடுங்க."

ஏகாம்பரம் பையைத் தொடவே இல்லை. "ரொக்கமா? ஏன் தாயி, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? பெட்டியில உன் காசு இருந்தா, மத்தவங்க காசு எங்கேன்னு தணிக்கைக்கு வர்ற கழுகு கேக்குமே! பேசாம ரேகை வெச்சுப் புதுக் கடன் வாங்கிக்க."

"மறுபடியுமா? கடனை நினைச்சே தூக்கம் போச்சுங்கய்யா. செத்தாலும் மாட்டேன்."

சத்தம் கேட்டுச் சங்கத் தலைவர் காட்டுப்பன்றி வெளியே வந்தார். சங்கத்தின் பெரிய கடன்காரரும் அவரே.

"விடுய்யா ஏகாம்பரம். எல்லாரும் கட்டிட்டாங்கன்னா கழுகு நம்பாது. ஒருத்தராவது பாக்கி இருக்கணும். இந்தம்மா கட்டலைன்னு எழுது."

"கையில காசோட நிக்குதுங்களே தலைவரே!"

"பெட்டிக்கு வந்துச்சா?"

வரவில்லைதான். ஏகாம்பரம் எழுதினார். வெட்கமாகத்தான் இருந்தது, சடையாயியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புற்றை நினைத்ததும் பேனா தானாக ஓடியது.

தணிக்கைக்கு வந்த கழுகு அசந்துபோனது. மொத்தச் சங்கத்திலும் பாக்கி ஒரே ஒரு முயல்! அதன் வளையையும் சங்கம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஏலம் விட்டிருந்தது. ஏகாம்பரத்துக்கு அன்றைக்கே நிரந்தர உத்தரவு, கூடவே ஒரு பொன்னாடை.

வளையை ஏலம் எடுத்தவர் தலைவர். பணத்துக்கு அவர் எங்கும் அலையவில்லை, சங்கத்திலேயே கடன் போட்டுக்கொண்டார். சடையாயியிடம் பை நிறையக் காசு இருந்தது. படுக்க இடம்தான் இல்லை.

நீதி: வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டலாம், தவறில்லை; கையில் பணத்தோடு மட்டும் போகக் கூடாது.