சந்திரமோகன் வீட்டுக் காபி ஊறல்

நிச்சயதார்த்தத்துக்கு வடை பாயசம் போட்டால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. ஆரணி பட்டுச்சேலை வியாபாரி சந்திரமோகனுக்கு இந்தச் சங்கதி போனில்தான் வந்து சேர்ந்தது. சொன்னவர் மாப்பிள்ளையின் அம்மா பானுப்ரியா. இருப்பது பெங்களூரு.

“இப்பல்லாம் காக்டெயில் இல்லாம எங்க பக்கம் யாரும் நிச்சயம் பண்றதில்லீங்க, சம்பந்தி. பிராந்தியில காபித்தூளை ஊறப்போட்டு, சக்கரைப் பாகு ஊத்தி, வீட்லயே பண்ணணும். கசப்பும் இனிப்பும் கலந்து வரணும். கடையில வாங்கினா கௌரவமா இருக்காது.”

சந்திரமோகன் மதுவை மோந்துகூடப் பார்க்காதவர். ஆனால் மகள் காவ்யாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. வந்த ஜாதகமெல்லாம் தட்டிப்போய் இது ஒன்றுதான் கூடி வந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கினு அரசாங்கக் கடைக்குப் போனார். அவர் மனைவி அபிதகுசாம்பாள் சொன்னது ஒன்றே ஒன்று: “என் பில்டர்ல அந்தக் கருமத்தை ஊத்தக் கூடாது.” ஆகவே ஊறுகாய் ஜாடியில் ஊறப்போட்டார்.

ஒருநாள் டீக்கடையில் நின்று சம்பந்தியம்மாவுக்குப் போனில் சொன்னார்: “நல்லா ஊறிகினு இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை எறக்கிடலாம்.”

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர் தென்னரசு, ஊறல் ஒழிப்புச் சிறப்புப் பிரிவின் அதிகாரி. மலையெல்லாம் ஏறியும் சாராய ஊறல் ஒன்றும் அகப்படாமல், மேலிடத்தில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன். ‘ஊறிகினு’, ‘எறக்கிடலாம்’ என்ற இரண்டு சொல் காதில் விழுந்த பிறகு தொண்டையில் வடை இறங்குமா?

ஊறுகாய் ஜாடியைப் பிடிக்க ஒரு ஜீப், இரண்டு ஆள், ஒரு கடப்பாரை வந்து இறங்கின.

“பிராந்தி எங்க வாங்கினீங்க?” என்றார் தென்னரசு.

“உங்க கடையிலதாங்க.”

“அரசாங்கக் கடைன்னு சொல்லுங்க. அது சட்டப்படி சரி. சக்கரை?”

“ரேஷன்லங்க.”

“அதுவும் சரி. காபித்தூள்?”

“பஜார்ல, பில்லோட.”

“எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஒண்ணாச் சேர்த்தீங்க பாருங்க, அதான் குத்தம்.”

“தனித்தனியாக் குடிச்சி வயித்துல ஒண்ணாச் சேர்ந்தா?”

“வயிறு எங்க எல்லையில வராது. ஜாடி வரும்.”

மேற்படி ஊறல், பொதுமக்கள் முன்னிலையில், தெருச் சாக்கடையில் முறைப்படி அழிக்கப்பட்டது. கடப்பாரை சும்மா திரும்பக் கூடாது என்பதால் ஜாடியும் உடைக்கப்பட்டது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“இது எச்சரிக்கை. இன்னொரு தபா இந்த வீட்ல போதைச் சமாச்சாரம் நடந்தா உள்ளதான்” என்று சொல்லிவிட்டுப் போனார் தென்னரசு.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். சந்திரமோகன் சமையலறைக்கு ஓடினார்.

“பேஜாராயிடுச்சி. கல்யாணம் நின்னுடப் போவுது.”

“என் பில்டர் எதுக்கு இருக்குது?” என்றார் அபிதகுசாம்பாள்.

கறுகறுவென்று டிகாஷன் இறக்கினார். சர்க்கரைப் பாகும் ஐஸும் போட்டு, தூக்குச்சட்டியை மூடிக் குலுக்கினார். நுரையோடு கூம்புக் கிளாசில் ஊற்றி, மேலே மூன்று காபிக்கொட்டை மிதக்கவிட்டார். பிராந்தி ஒரு சொட்டு கிடையாது.

பானுப்ரியா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். “அப்பப்பா, என்னா ஸ்ட்ராங்கு!”

அதற்குமேல் கேட்க வேண்டுமா? மாப்பிள்ளையின் மாமா வீரபாகு இரண்டாவது கிளாசில் பந்தல்காலைக் கட்டிப்பிடித்து, “மச்சான், என்னை மன்னிச்சிடு” என்று அழுதார். நாலு பேர் ஆடினார்கள். ஆடாதவர்கள், ஆடாவிட்டால் பட்டிக்காட்டான் என்பார்களோ என்று கொஞ்சம் சாய்ந்து நின்றார்கள்.

சத்தம் கேட்டு ஜீப் வந்தது.

“எல்லாரும் தள்ளாடறாங்க. ஆகவே மது இருக்குது. ஏறுங்க வண்டியில” என்றார் தென்னரசு.

சந்திரமோகன் அவர் காதில் சொன்னார்: “ஐயா, வெறும் காபிங்க. நீங்களே குடிச்சிப் பாருங்க.”

தென்னரசு ஒரு கிளாஸ் குடித்தார். டிரைவர் தருமனும் குடித்தான். சப்புக்கொட்டிப் பார்த்த தென்னரசுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பந்தலைப் பார்த்துக் கேட்டார்: “இது வெறும் காபின்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. நான் போயிடறேன்.”

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

“வெறும் காபிக்கா நாங்க இந்த ஆட்டம் ஆடுவோம்? என்ன சம்பந்தி, ஏமாத்திட்டீங்களா?” என்றார் பானுப்ரியா.

சந்திரமோகன் மகளைப் பார்த்தார். காவ்யா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

“சேச்சே, பிராந்திதாங்க” என்று சொல்லிவிட்டுத் தானாகவே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஜீப் கிளம்பவில்லை.

“ஐயா, நானும் ஒரு கிளாஸ் வுட்டுட்டேன். குடிச்சிட்டு வண்டி ஓட்டினா கேஸுங்க” என்றான் தருமன்.

“யோவ், அது காபிதான்யா!”

“அப்ப இவரை எறக்கி வுட்டுடலாங்களா?”

அகப்பட்ட ஒரே கேஸையும் விடுவாரா தென்னரசு?

அபிதகுசாம்பாள் மனசு கேட்காமல், அதே டிகாஷனில் சூடாகப் பால் ஊற்றிக் கொண்டுவந்தார். “குடிங்க, போதை தெளியட்டும்.”

தருமன் குடித்தான். தலையை உதறிக்கொண்டான். “ஜல்தியா தெளிஞ்சிடுச்சிங்க” என்று வண்டியை எடுத்துவிட்டான். சந்திரமோகன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பானுப்ரியா ஜீப் போவதை வீடியோ எடுத்துக்கொண்டே சொன்னார்: “பாத்தீங்களா, எங்க சம்பந்தி வச்சது ஒரிஜினல். இல்லாட்டி சர்க்காரே வந்து கூட்டிகினு போவாங்களா?” அன்றைக்கே தட்டு மாற்றி, முகூர்த்தமும் குறித்துவிட்டார்.

அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் ஊரில் இல்லை. இப்போதெல்லாம் ஜீப் வராத நிச்சயதார்த்தத்தை ஆரணியில் யாரும் மதிப்பதில்லை. போன வாரம் ஒரு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். வெகுநேரம் பார்த்தேன், ஜீப் வரவில்லை. என்ன குடும்பமோ என்று கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.