நிமிடத்துக்கு ஒரு ஒற்றன்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், உலகத்தின் தேடல்களையெல்லாம் தன் கைக்குள் வைத்திருக்கும் ராட்சச நிறுவனத்தின் ஏகபோக ஆட்சி, வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு முடிவுக்கு வருகிறது. 'கண்டேன்' தேடல் தளத்தின் நிறுவனர் தம் தலைமை அலுவலகத்திலிருந்து இதைப் பிரகடனம் செய்கிறார்.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து கொஞ்சம் காலைத் தூக்குங்க," என்றாள் நிறுவனரின் மனைவி.

நிறுவனர் காலைத் தூக்கினார். அவள் இன்ச் டேப்பை நாற்காலிக்கு அடியில் விட்டு, கதவிலிருந்து ஜன்னல் வரை அளந்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

அவள் தையல்காரி. வெளிச்சம் நன்றாக விழும் அந்த முன்னறை அவளுடையது. பத்து மாதங்களுக்கு முன், இருபத்திரண்டு வருட வேலையை ஒரே மத்தியானத்தில் விட்டுவிட்டு வந்த கணவர், "ஒரு ரூம் மட்டும் குடு, உலகத்தையே மாத்திக் காட்டறேன்," என்றார். உலகம் மாறுகிறதோ இல்லையோ, மனிதர் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்தால் போதும் என்று அவளும் கொடுத்தாள். ஒரே நிபந்தனை. பத்து மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், தினம் ஆயிரம் பேராவது தளத்துக்கு வந்து போக வேண்டும். இல்லையென்றால் தையல் மெஷின் ஜன்னலோரத்துக்குத் திரும்பும். அளவு நோட்டின் பின்னட்டையில் நிறுவனர் கையெழுத்தே போட்டிருந்தார்.

அன்றிலிருந்து மெஷின் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. சென்ற வாரம் ஒரு மணப்பெண்ணின் உடுப்பில் எண்ணெய் தெறித்துவிட்டது. அன்று மாலைதான் அவள் அளவு நோட்டைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தாள்.

"இன்னைக்குத் திங்கள்தானேம்மா? அதுக்குள்ள அளக்கணுமா?"

"மெஷினுக்குத் திங்கள் வெள்ளியெல்லாம் தெரியாது. இடம் பத்துமான்னுதான் பாக்கறேன். நேத்து எத்தனை பேர் வந்தாங்க?"

நிறுவனருக்கு வழக்கமான கணக்கு மனப்பாடம். தினம் முப்பத்தொரு வருகை. அதில் பதினாலு அவருடையது. ஒன்பது, தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியுடையது. பாக்கி எட்டுப் பேரை அவர் 'வாடிக்கையாளர் சமூகம்' என்று குறிப்பிடுவார். அந்தச் சமூகத்தில் ஒருவர் அவருடைய பெரியப்பா.

"தளத்தைச் சின்னதா வெச்சிருக்கறதுதான் நம்ம பலம்," என்றார்.

"அப்ப நீங்க ரொம்ப பலசாலி," என்றாள் அவள்.

நிறுவனருக்கே சிரிப்பு வந்தது. ஐம்பது வயதில் தொழில் தொடங்கியவரிடம் வேறு என்ன இருக்கிறதோ இல்லையோ, தம்மைப் பார்த்துச் சிரிக்கிற வசதி இருந்தது. நிறுவனர் அவர்தான், தலைவர் அவர்தான், மதியம் பாத்திரம் தேய்ப்பவரும் அவர்தான். மூன்று பதவிகளில் மூன்றாவதை மட்டும்தான் இதுவரை யாரும் பாராட்டியிருக்கிறார்கள். பழைய ஆபீஸில் அவர் நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது என்று போன மாதம் ரகசியமாக விசாரித்தும் வைத்திருந்தார். அந்த நாற்காலியை நினைத்தாலே முதுகு வலித்தது.

அப்போதுதான் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி, அதாவது மனைவியின் தம்பி, துணி வெட்டும் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். தளத்தின் சர்வர் அங்கேதான் குடியிருந்தது.

"அத்தான்! நேத்து ஒரே நாள்ல ஆயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணு!"

"என்னது?"

"வருகை அத்தான்! முப்பத்தொண்ணு நம்ம வழக்கமானது. ஆனா ஆயிரத்து நானூத்தி நாப்பது புதுசு. நிமிஷத்துக்கு ஒண்ணு. மணி அடிச்ச மாதிரி வருது. முகப்பைத் திறக்குது, பாக்குது, போயிடுது. எதையும் தேடல."

"எங்கேர்ந்து?"

வந்த முகவரியின் எண்ணை மச்சினன் தட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"ராட்சசன், அத்தான். அவங்க கிளை ஆபீஸ். நாலு தெரு தள்ளி இருக்கே, அந்தக் கண்ணாடிக் கட்டடம்."

நிறுவனர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"வேவு பாக்கறாங்க மாப்ளே. ராத்திரி பகல் பாக்காம, நிமிஷத்துக்கு ஒரு ஒற்றன்! லட்சம் பேர் வேலை செய்யற கம்பெனி, நம்ம ரெண்டு பேரைப் பாத்துப் பயப்படுது!" மனைவி பக்கம் திரும்பினார். "ஆயிரம் தாண்டியாச்சு. டேப்பைச் சுருட்டு."

"ஒரே ஆள் என் கடை வாசல்ல ஆயிரம் தடவை எட்டிப் பாத்துட்டுப் போனா, எனக்கு ஆயிரம் கஸ்டமரா?"

அந்தக் கேள்விக்குத் தொழில்நுட்ப உலகம் இன்னும் விடை காணவில்லை. டேப் சுருளவில்லை.

செவ்வாய்க்கிழமை நிறுவனர் பாதுகாப்பு ஏற்பாட்டில் இறங்கினார். இன்று முகப்பைப் பார்ப்பவன் நாளை உள்ளே வந்து ரகசியத்தைத் திருடுவான். எனவே தேடும் பெட்டிக்கு முன்னால் ஒரு காவல் போடப்பட்டது: 'நீங்கள் மனிதரா? நாற்காலிகளை மட்டும் தொடவும்.' அதற்கான ஒன்பது படங்களையும் மச்சினன் வீட்டுக்குள்ளேயே எடுத்தான். மாலையில் பெரியப்பாவின் தொலைபேசி வந்தது.

"ஏண்டா, ஸ்டூல் நாற்காலியா இல்லையா?"

"இல்ல பெரியப்பா."

"முப்பது வருஷமா அதுலதாண்டா உக்காந்து சாப்பிடறேன்."

"சரி பெரியப்பா, ஆனா சிஸ்டம் அதை..."

"என்னை மனுஷன் இல்லைங்குது உன் சிஸ்டம்! உங்கப்பன்கூட அப்படிச் சொன்னதில்ல!"

பெரியப்பா ராட்சசன் பக்கம் போய்விட்டார். இரவுக்குள் வாடிக்கையாளர் சமூகம் முழுவதும் அவர் பின்னால் போனது. எட்டுப் பேரும் ஸ்டூலில் தடுக்கி விழுந்தவர்களே. ஒற்றனுக்கு மட்டும் எந்தச் சங்கடமும் இல்லை. அவன் முகப்போடு திரும்பிவிடுகிறவன். நிமிடத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தான்.

"இருந்த எட்டும் போச்சா?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"அளவு முக்கியமில்லம்மா. தரம்."

"இப்ப ரெண்டுமே இல்லையே."

புதன்கிழமை நிறுவனர் தாக்குதலுக்கு மாறினார். அந்தக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டும் தனி முகப்பு. கைகட்டி நிற்கும் நிறுவனரின் முழு உருவப் படம், கீழே சிவப்பு எழுத்தில்: 'எம்மைக் கண்டு அஞ்சுகிறீர்களா?' படத்துக்காக அவர் கோட்டு போட்டிருந்தார். கோட்டு, ஒரு வாடிக்கையாளர் மனைவியிடம் கை சுருக்கக் கொடுத்தது. அதனால் ஒரு கை மட்டும் நீளம்.

படம் மிகப் பெரியது, சர்வர் மிகப் பழையது. முகப்பு திறக்க நாற்பது விநாடி பிடித்தது. அடுத்த பத்து நிமிடத்தில் மச்சினன் மேஜைக்கு அடியிலிருந்து அலறினான்.

"அத்தான், நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தது இப்ப செகண்டுக்கு ஒண்ணு வருது!"

"பதறிட்டாங்க மாப்ளே! மேலிடம் வரைக்கும் போயிருக்கும். ஒவ்வொருத்தனா கூப்பிட்டுக் காட்டறானுங்க!"

"சர்வர் கொதிக்குது அத்தான்!"

அன்று பிற்பகல் முழுவதும் நிறுவனர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, அட்டைப்பெட்டி மூடியால் சர்வருக்கு விசிறினார். உலக வல்லரசை எதிர்த்த போரில் தளபதி பிடித்த ஆயுதம் அது. அந்த வழியாக வந்த மனைவி ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, "கை மாத்திக்கங்க, வலிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை வேறு வழியில்லை. கண்ணாடிக் கட்டடத்தின் எண்ணுக்குத் தளத்தின் கதவை மச்சினன் ஒரேயடியாகச் சாத்தினான். சர்வர் குளிர்ந்தது. அறையில் அமைதி திரும்பியது. ஒற்றனைக் கழித்தால் அன்றைய மொத்த வருகை இருபத்து மூன்று.

"பதினாலு நானு," என்றார் நிறுவனர்.

"ஒம்பது நானு," என்றான் மச்சினன்.



சாயங்காலம் மனைவியின் கைபேசி அடித்தது. தளத்தில் தொடர்புக்குக் கொடுத்திருந்தது அவள் எண்தான். தம் சிந்தனை கலையக் கூடாது என்று நிறுவனர் செய்த ஏற்பாடு.

"என்னங்க, கண்ணாடிக் கட்டடத்துலேர்ந்து யாரோ பேசினாங்க. திறங்க, திறங்கன்னு ஒரே கெஞ்சல். நாளைக்கு நேர்ல வராராம். அட்ரஸ் குடுத்துட்டேன்."

"கெஞ்சினாங்களா?"

"அழுதிருப்பாரு. நான்தான் அதுக்குள்ள வெச்சுட்டேன்."

நிறுவனர் இரவெல்லாம் நிபந்தனைகள் எழுதினார். ஐந்து பக்கம், பக்கத்துக்கு ஒன்று. முதல் நிபந்தனை, 'கண்டேன்' விற்பனைக்கு அல்ல. இரண்டாவது, விற்பனைக்கு என்றால் எவ்வளவு. மற்ற மூன்றும் கோட்டு சம்பந்தப்பட்டவை, பிறகு அடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் கருவிப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை, நெற்றியில் வியர்வை. எளிய ஆளாக அனுப்பித் தம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நிறுவனர் உடனே புரிந்துகொண்டார்.

"உக்காருங்க. உங்க தலைமை வரலையா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சா என் வேலையே போயிடும் சார். அதான் நானே ஓடி வந்தேன். தயவுசெஞ்சு திறந்து விட்டுடுங்க. புதன்கிழமையிலேர்ந்து எங்க ஆபீஸ்ல ஒரே ரகளை."

நிறுவனர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் முதல் முறையாக அத்தானை மரியாதையோடு பார்த்தான். கதவோரம் டேப்போடு நின்ற மனைவியும் ஓரடி உள்ளே வந்தாள்.

"அப்ப எங்க தளம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம்?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! ஆறு மாசம் அலைஞ்சு தேடிக் கண்டுபிடிச்சது சார் உங்க சைட்டை. இந்த மாதிரி ஒண்ணு எங்க கம்பெனியில யாராலயும் செய்ய முடியாது."

நிறுவனர் பேனாவை நீட்டினார். "இதை எழுத்துல தருவீங்களா?"

"நான் கையெழுத்துப் போடற ஆள் இல்ல சார்."

பேரத்தில் கைதேர்ந்தவன், என்று நிறுவனர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"திறந்தா, பதிலுக்கு என்ன எதிர்பாக்கறீங்க?"

"ஒண்ணுமே வேணாம் சார். போன ஞாயித்துக்கிழமை இருந்த மாதிரியே இருந்தா போதும். புதுசா எதையும் சேக்காதீங்க. முக்கியமா, விளம்பரம் கிளம்பரம் பண்ணிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"பாத்தியா!" நிறுவனர் மனைவியிடம் திரும்பினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "நாம வளந்துடக் கூடாதுன்னு கெஞ்சறாங்கம்மா! இவ்ளோ பெரிய கம்பெனி!"

மனைவி வந்தவரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், அட்டை மூடியால் விசிறிக் கொப்புளித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். பிறகு இன்ச் டேப்பை மெதுவாக, விரலில் சுற்றிச் சுற்றிச் சுருட்டினாள்.

"சரிங்க. ரூம் உங்களுக்கே. நான் சமையல்கட்டுலயே தைச்சுக்கறேன்."

மணி ஐந்து ஐம்பது. நிறுவனர் தலையசைக்க, மச்சினன் மேஜைக்கு அடியில் புகுந்து கதவைத் திறந்துவிட்டான். கூடவே கோட்டுப் படத்தையும் முகப்பிலிருந்து நீக்கினான். வந்தவர் கைபேசியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். "பச்சை வந்துடுச்சு! நல்லா இருப்பீங்க சார்!" என்று எழுந்தார்.

"ஒரு நிமிஷம் தம்பி," என்றாள் மனைவி. சுருட்டிய டேப் இன்னும் கையில்தான் இருந்தது. "நான் படிக்காதவ, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அவ்ளோ பெரிய கம்பெனி வெச்சுக்கிட்டு, இவர் சைட்டை நிமிஷத்துக்கு ஒரு தடவை எதுக்குத் திறந்து பாக்கறீங்க?"

"நான் பாக்கறது இல்லம்மா, மெஷின் பாக்குது. எங்க ஆபீஸ்ல நெட் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க, அது வெளியில ஏதாவது ஒரு சைட்டைத் தட்டிப் பாக்கும். திறந்தா பச்சை. திறக்கலைன்னாலோ, திறக்க நேரமானாலோ சிவப்பு, உடனே செகண்டுக்கு ஒரு தடவை தட்ட ஆரம்பிச்சிடும். கூட்டம் வர்ற சைட்டை வெச்சா, தாமதம் நெட்டாலயா கூட்டத்தாலயான்னு தெரியாது. அதனால உலகத்துலயே யாருமே போகாத சைட் ஒண்ணு வேணும்னு எங்க தேடல்லயே தேடினேன், கடைசிப் பக்கத்துல கடைசி வரியில சார் இருந்தாரு."

சரியாக ஆறு மணிக்குத் தையல் மெஷின் ஜன்னலோரம் வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தை நிறுவனர் பிடித்தார், மறுபக்கத்தை ராட்சசன் பிடித்தான்.