டிராகன் இறந்த வகையில் ஒரு நாள் விடுப்பு

பணியாளருக்கு விடுப்புத் தேவைப்படுவது இயற்கை. நிர்வாகம் அதை மறுப்பது அதைவிட இயற்கை. இந்த இரண்டு இயற்கைகளுக்கும் நடுவில் ஒரு டிராகன் வந்து செத்துப்போனதுதான் சிக்கலாயிற்று.

அலுவலகத்தில் அந்தக் குமாஸ்தாவுக்கு 'ஆனாலும்' என்று பெயர். வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அவர் எதையும் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனாலும்..." என்று இழுப்பார். ஏழு பாகங்களாக வந்த மாயாஜாலப் படத்தின் கடைசிப் பாகத்தை மகளோடு பார்த்துவிட்டு வெளியே வந்தபோதும் அப்படித்தான் இழுத்தார்.

முதல் பாகத்தை அவர் மடியில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். இப்போது கண் வீங்கியிருந்தது.

"டிராகன் செத்துப்போச்சுப்பா. இதுலயும் உங்களுக்கு ஒரு ஆனாலும் கேக்குதா?"

அதோடு பேச்சை நிறுத்தியவள்தான். சனிக்கிழமை படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போகிறாள். அதற்குள் இன்னொரு தரம் கூட்டிப்போய், இந்த முறை வாயை மூடிக்கொண்டு அழுதுவிடுவது என்று அவர் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமைப் பகல் காட்சிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. ஆகவே விடுப்பு.

"காரணம்?" என்றார் மேலாளர் அம்மையார்.

"அந்தப் படம் இருக்கில்ல மேடம், அதோட கடைசியில..."

மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க சார். ஞாயித்துக்கிழமைதான் நான் போறேன்."

"காரணத்தைச் சொல்லாம எப்படி மேடம்?"

"சொல்லாட்டி லீவு செல்லாது. சொன்னா என் படம் போச்சு. பொதுவா சொல்லுங்க. துக்கமா, சந்தோஷமா? துக்கத்துக்குச் சம்பளம் உண்டு. சந்தோஷத்துக்குக் கிடையாது."

"துக்கந்தான் மேடம். ஆனாலும் சண்டையெல்லாம் நல்லா..."

"கலப்பட உணர்ச்சிக்கு விதியில இடமில்ல சார். ஏதாவது ஒண்ணு."

"சரி, துக்கம்."

"இறந்தவர் என்ன உறவு?"

"பன்னெண்டு வருஷப் பழக்கம்."

"பழக்கத்துக்கெல்லாம் லீவு இல்ல. ரத்த சம்பந்தமா, கல்யாண சம்பந்தமா?"

"அது நெருப்புக் கக்கும், மேடம்."

"அப்ப கல்யாண சம்பந்தம். மாமனார்னு போட்டுக்கறேன்."

எழுதிக்கொண்டே வந்த பேனா நின்றது.

"நெருப்புக் கக்குமா?"

"மன்னிச்சுக்குங்க மேடம்."

எழுதிய 'மாமனார்' என்பதை மேலாளர் அடிக்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்து, தம் மாமனாரும் காலமாகிவிட்டதாகத் தமக்கே ஒரு விண்ணப்பம் எழுதி, தாமே அனுமதித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டிராகன் மீண்டும் இறந்தது. வாயை மூடிக்கொண்டிருந்த ஆனாலுமுக்கு, நடிக்கத் தேவையில்லாமலே அழுகை வந்தது. திரையில் செத்தது டிராகன். அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ, வீட்டு வாசலில் கட்டிவைத்த மகளின் பெட்டி. மகள் கைக்குட்டையை நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குப்பா. ஆனாலும் அந்தக் கடைசி அரைமணி நேரம் கொஞ்சம் இழுவைதான், இல்ல?"

"உனக்கு இதுலயும் ஒரு ஆனாலும் கேக்குதா?" என்றார் அவர், மூக்கைச் சிந்தியபடி. வீடு போய்ச் சேரும்வரை இருவரும் அதைப் பற்றியே சண்டை போட்டார்கள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுவாரம் படக் கம்பெனி எட்டாம் பாகத்தை அறிவித்தது. டிராகனுக்கு மூச்சு இருந்ததாம். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: "காலமானதாகத் தெரிவிக்கப்பட்ட மாமனார் உயிருடன் இருப்பது நிர்வாகத்தின் கவனத்திற்கு வந்துள்ளமையால், மேற்படி விடுப்புகள் இரத்து செய்யப்படுகின்றன." கீழே மேலாளரின் கையெழுத்து. அவர் சம்பளத்திலும் ஒரு நாள் போயிற்று.

அலுவலகமே கொதித்தது. செத்ததைப் பிழைக்க வைத்துக் காசு பார்க்கும் கூட்டத்தின் படத்தை இனி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று டீ குடித்தபடி எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். டீ ஆறுவதற்குள் ஒவ்வொருவராக நழுவி மேலாளர் அறைக்குப் போனார்கள். 'ஆனாலும்' போனபோது வரிசை வராந்தாவரை நின்றது.

அடுத்த ஆண்டு, படம் வெளியாகும் வெள்ளிக்கிழமையன்று, அலுவலகம் முழுவதற்கும் மாமனார் இறக்க இருக்கிறார்.