நனையாத கங்கணம்

எட்டாவது கடலுக்கு விலை பேசி, படியாமல் திரும்பிய வணிகர்கள் வழியில் கண்ட நாடு சுத்தபுரி. அங்கே ஓர் அரசாங்க வைத்தியசாலை. அதன் பிரசவ அறைக்குள் நடந்து போன பெண்களில் பலர், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சலில் போனார்கள். பக்கத்து நாட்டில் 'தொற்றுக் காவல் செவிலி' என்றொரு பதவி இருப்பதாகக் கேள்விப்பட்ட மன்னர் மகுடேசர், நமக்கும் ஒன்று இருக்கட்டும் என்று செண்பகவல்லியை அமர்த்தினார். பதவிக்குப் பட்டுச் சால்வை உண்டு, அதிகாரம் கிடையாது. அவள் சொல்லலாம். கேட்பது கேட்பவர் விருப்பம்.

சுற்றிப் பார்த்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: பிரசவம் பார்க்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சுகாதார மந்திரி வாகீசருக்கு மெய்சிலிர்த்தது. 'கை கழுவுக' என்று ஆளுயரக் கல்லில் வெட்டி வாசலில் நட ஆணையிட்டார். கல்லுக்கு இடம் போதவில்லை. தண்ணீர்த் தொட்டியை அப்புறப்படுத்தினார்கள்.

காய்ச்சல் கூடியது. அவள் அதைச் சபையில் சொன்னாள். மந்திரி ஆழ்ந்து யோசித்து, பிரசவக் காய்ச்சலுக்கு இனி 'தாய்மைப் பூரிப்பு' என்று பெயர் என அறிவித்தார். அந்த மாதம் காய்ச்சலில் ஒருவரும் சாகவில்லை. பூரிப்பில் போனவர்களைத் தூக்கத்தான் ஆள் போதவில்லை.

செண்பகவல்லி வீட்டிலிருந்தே குடத்தில் நீர் சுமந்து வந்து ராஜவைத்தியர் நஞ்சுண்டரை மறித்தாள். சீழ்க்கட்டி கீறிய கையோடு அவர் பிரசவ அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். மணிக்கட்டில் மன்னர் பூட்டிய தங்கக் கங்கணம்.

"நனைந்தால் மெருகு போய்விடும், அம்மணி."

"கழற்றிவிட்டுக் கழுவலாமே, ஐயா."

"மன்னர் பூட்டியதை மன்னர்தான் கழற்ற வேண்டும். நான் தொட்டால் ராஜதுரோகம். என் உத்தியோகத்துக்கு ஏன் உலை வைக்கிறாய்?"

விசாரித்தாள். சட்டம் அப்படித்தான் இருந்தது.

ஊரார் வைத்தியசாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே அஞ்சினார்கள். நம்பிக்கை ஊட்டுவதற்காக, தம் மகளுக்கும் அங்கேயே பிரசவம் என்று மன்னர் முரசறைந்தார். கடைத்தெருவில் சொல்வார்கள்: சரக்கு எப்படி என்று கடைக்காரனைக் கேட்காதே, அவன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று பார்.

இளவரசிக்கு வலி கண்டதும் மன்னர் வந்தார். வைத்தியரின் கையைப் பிடித்துக் கங்கணத்தைத் தாமே கழற்றினார். அரண்மனையிலிருந்து பல்லக்கில் வந்த வெந்நீரைத் தாமே ஊற்றி, முழங்கைவரை தேய்க்க வைத்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேரன் பிறந்தான். மூன்றாம் நாள் இளவரசி பத்தியத்தை மீறி மாம்பழம் கேட்டாள். மகிழ்ந்த மன்னர் கங்கணத்தைத் திரும்பப் பூட்டி, வைத்தியரின் மறு கைக்கும் ஒன்று பூட்டினார். வெந்நீர் அண்டா பல்லக்கேறியது.

அடுத்த கட்டிலில் கொல்லர் தெரு வெள்ளையம்மாளுக்கு வலி எடுத்திருந்தது.

"இவளுக்கு, மன்னா?" என்றாள் செண்பகவல்லி.

மந்திரிதான் பதில் சொன்னார், மிகுந்த கனிவோடு. "கவலைப்படாதே, அம்மா. குடிமக்களைக் கைகழுவுவதில் இந்த அரசு ஒருநாளும் தவறியதில்லை."

இரண்டு கங்கணமும் குலுங்க, ராஜவைத்தியர் அந்தக் கட்டிலை நோக்கி நடந்தார்.