எலிக்கு ஒருசந்தி

ஓர் உண்மையை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். என் முனைவர் பட்டத்தில் பாதிக்கு மேல் ஒரு வெள்ளெலிக்குச் சேர வேண்டியது. (மீதியை என் அம்மா கேட்பார்.)

அப்போது நாமக்கல்லில் ஒரு முட்டைக் குடோனின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். வளையில் வாழும் எலிகள் வெயிலையும் குளிரையும் எப்படிச் சமாளிக்கின்றன என்பது ஆராய்ச்சி. மோகனூர்ப் பக்கம் ஒரு கடலைக்காட்டில் அந்த வெள்ளெலியின் வளையை மூன்று மாதம் காவல் காத்து, கடைசியில் அதைப் பிடித்தும் வந்திருந்தேன். சனிக்கிழமை காலை, என் வழிகாட்டியான பேராசிரியர் மேடம் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. "அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா மறுபடி முதல்லேருந்துதான்" என்று எச்சரித்திருந்தார்.

முந்தின நாள் பெரிய வெள்ளி. நான் சேலத்தில் எங்கள் கோயிலுக்குப் போக வேண்டும். பதினோரு மணிக்கே கூரை ஷீட் கொதித்தது. கரண்டும் போய்விட்டது. எலி காலைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, எச்சிலால் நெஞ்சை நக்கி நக்கி நனைத்துக்கொண்டிருந்தது. எலிக்கு வியர்க்காது, வெந்து போகும்போது செய்கிற கடைசி வைத்தியம் அதுதான். காட்டில் என்றால் வளைக்குள் ஈர மண்ணில் சுகமாகப் படுத்திருக்கும். என் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கீழே, ஜெனரேட்டரில் ஓடுகிற முட்டைக் குளிர் அறை ஞாபகத்துக்கு வந்தது. குடோன்காரர் சென்னியப்பன் அண்ணனிடம் போய் நின்றேன். (படித்துக்கொண்டிருந்த என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.)

"ஏனுங்க டீச்சர், முட்டை ரூம்ல எலிங்களா?"

"ஒரு நாள்தாங்கண்ணா. குளிர்ல சுருண்டு தூங்கிடும். அசையாது."

"நெசமாலுமா சாமி?"

"படிச்சிருக்கேங்கண்ணா."

(படித்தது ஓணானைப் பற்றி. குளிரில் ஓணான் மரக்கட்டை போலக் கிடக்கும். அந்த ஞானத்தைத்தான் அப்படியே எலிக்கும் போட்டேன்.)

தூங்குகிற எலிக்குத் தீனி எதற்கு? நானே ஒருசந்தி, அன்றைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவும் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று நாலே நாலு கடலையைப் போட்டேன். கம்பிக்கூண்டைத் தூக்கச் சோம்பல்பட்டு, எலியைப் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றி, மூடியை நூலால் கட்டி, குளிர் அறையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை திரும்பியபோது குடோன் வாசலில் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் மேடம்.

"டீச்சர், உங்க எலி தூங்கலீங்க. நேத்துப் புடிச்சு வேலை பார்த்திருக்குதுங்க."

உள்ளே ஓடினேன். கூடையில் பெரிய ஓட்டை. கீழ் அடுக்கில் முட்டை வைத்திருந்த அட்டைத் தட்டுகள் சுக்கு நூறாகக் கிடந்தன. தரையெல்லாம் மஞ்சள் கரு. எலியைக் காணோம். மூன்று மாத உழைப்பும் போச்சு, என்னை நம்பி இடம் கொடுத்த மனிதருக்கும் இப்படிச் செய்துவிட்டேனே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

மேடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. பையிலிருந்து வெப்பமானியை எடுத்து, மூலையில் கிடந்த அட்டைத்தூள் குவியலுக்குள் மெதுவாக விட்டார். அறை நடுநடுங்க வைத்தது, குவியலுக்குள்ளோ இதமான சூடு. உள்ளே என் எலி, மீசையில் முட்டை ஒட்டியிருக்க, பந்தாகச் சுருண்டு படுத்திருந்தது.

"சின்ன உடம்பும்மா, சூடு சீக்கிரம் போயிடும். குளிர்ந்தா அது உள்ளே அடுப்பை வேகமா எரிக்கணும். அதுக்கு விறகு வேணாமா? நீ பட்டினி போட்டுட்டுப் போயிட்டே. அதுவே சாப்பாடு தேடி, மெத்தையும் தெச்சுக்கிச்சு. உன்னைவிட அதுக்கு விலங்கியல் தெரியுது."

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"தட்டு போனாப் போவுதுங்க, டீச்சர் பாஸ் ஆவட்டுமுங்க" என்றார். "ஆனா இனிமேட்டு படிப்பெல்லாம் மாடியிலயே நடக்கட்டும் சாமி."

அந்த அட்டைக் கூடு என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் ஆனது. வீட்டில் அது வேறு மாதிரி நிலைத்துவிட்டது. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் நான் கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா தவறாமல் கேட்பார்: "எலிக்குச் சோறு வெச்சிட்டியாடி?"

இந்த வருஷம் என் எட்டு வயது மகள், தானும் ஒருசந்தி இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பத்து மணி வரைக்கும் இருந்தாள். பிறகு ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, ரொம்பக் குளிருது. எலி மாதிரி எனக்கும் விறகு வேணும். ரெண்டு முட்டை தோசை போடு."

ஆய்வேடே எழுதியவள் எப்படி மறுப்பேன்? தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.