பள்ளிக்கூட வாசலில் நான்கு நிமிடம்

மொன்டானா,
நவம்பர் 12

அன்புள்ள மச்சான் மில்டனுக்கு,

நாங்கள் நலம். உன் முதுகு வலியும் உன் கோழிகளும் எப்படி என்று அறிய ஆவல். உங்கக்கா வெர்னா சௌக்கியம், என்னோடு மட்டும் பேசவில்லை. நான் குற்றவாளியா இல்லையா என்று உன் பக்கத்து வீட்டு வக்கீலிடம் கேட்டு உடனே எழுது. என் பெயரைச் சொல்லாதே.

நேற்று முன்னாள் படைவீரர் தினம். பள்ளிக்கூடத்தில் இரண்டு மணிக்கு விழா. பேத்தி பிரிட்டா முதல் தடவையாகத் தனியாக டிராம்போன் ஊதுகிறாள், முன்வரிசையில் உட்காருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். புறப்படும்போது வெர்னா வாசலில் நின்று என்னவோ சொன்னாள், எஞ்சின் சத்தத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வண்டியை நிறுத்தி, தொப்பியை எடுக்கத் திரும்பினால், சீட்டுக்குப் பின்னால் பழைய போர்வையில் சுருட்டி நீளமாக ஒன்று கிடக்கிறது. மான் வேட்டைக் காலம். என் துப்பாக்கியை அந்தப் போர்வையில்தான் சுற்றி வைப்பேன் என்று உனக்கே தெரியும். பள்ளிக்கூட எல்லைக்குள் துப்பாக்கி இருந்தால் ஜெயில், அபராதம், ஆயுசுக்கும் வேட்டை கிடையாது என்று காபிக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அங்கே நான்கு நிமிடம் நின்றிருப்பேன்.

சர்ச்சுக்கு ஓட்டிப் போனால், விழா நாளில் அங்கே வண்டி நிறுத்தும் இடமும் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்ததுதான் என்கிறார் பாதிரியார். தபாலாபீஸ் மத்திய அரசு இடம், அங்கே துப்பாக்கிக்கு வேற தடைச் சட்டம். பள்ளிக்கூட வேலியிலேருந்து ஆயிரம் அடி தள்ளி இருக்கணுமாம், நம்ம ஊர் மொத்தமே ஆயிரம் அடிதானே, நான் எங்க போவேன்? தானியக் கிடங்கு வரைக்கும் காலாலயே அளந்தேன். அறுநூத்தி நாப்பதாவது அடியில போலீஸ்காரன் டுவெயின் வந்து, "என்ன மாமா, வாக்கிங்கா?"ன்னு கேட்டான், எண்ணிக்கை போச்சு. "தம்பி, ஒருத்தன் வண்டியில தெரியாத்தனமா ஒரு..."ன்னு ஆரம்பிச்சேன். "வாய மூடுங்க மாமா. நீங்க சொன்னா நான் கேட்டதாயிடும், கேட்டா எழுதணும். என் பொண்டாட்டிதான் உங்க பேத்திக்கு டீச்சர், அப்புறம் நான் வீட்டுக்குப் போக முடியாது"ன்னுட்டு போயிட்டான். கடைசில ஊருக்கு வெளிய ஹாரல்டு பண்ணை வைக்கோல்போருக்குள்ள, போர்வையப் பிரிச்சுப் பாக்கக்கூட தைரியமில்லாம சொருகிட்டுத் திரும்பினா, விழாவே முடிஞ்சுபோச்சு. பிரிட்டா படியில உக்காந்திருக்கா, கண்ணு செவந்திருக்கு. "எங்க போனீங்க தாத்தா?"ன்னா. சட்டம்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அவ வாசிக்கவே இல்லையாம். நான் வரலைன்னு புள்ள இவ்வளவு மனசொடிஞ்சு போவான்னு நான் நினைக்கல மில்டன்.

ஆண்டவர் உனக்கும் உன் மனைவிக்கும் நல்ல உடம்பும், இந்தப் பருவத்தில் ஒரு கொழுத்த மானும் தரட்டும். படித்ததும் இதை அடுப்பில் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்,
ஆர்விட்

பி.கு.: இப்போதுதான் வைக்கோல்போரிலிருந்து எடுத்துப் பிரித்தேன். உள்ளே பிரிட்டாவின் நீளப் பித்தளை டிராம்போன். பஸ்ஸில் இடமில்லை, தாத்தா கொண்டுவரட்டும் என்று குளிருக்குப் போர்வை சுற்றி பிரிட்டாவே வண்டியில் வைத்தாளாம். வெர்னா வாசலில் நின்று சொன்னதும் அதைத்தானாம். துப்பாக்கியைப் போன சனிக்கிழமை நீதான் வெர்னாவிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனாயாமே. ஆகவே சட்டப்படி நான் ஒரு தப்பும் செய்யவில்லை, வக்கீலிடம் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளை வாசிக்க விடுகிறார்கள். டிராம்போனைச் சுமந்துகொண்டு என்னை நடந்தே வரச் சொல்லிவிட்டாள், மூன்று மைல். சரி என்று சொல்லிவிட்டேன்.